பால் கொட்டிய யூக்கலிப்டஸ் தரை

புலம்பெயர்ந்து வந்த நோர்பரியில் நாங்கள் வீடு வாங்கியபோது எனக்கு ஏழு வயது. அதுவரை அடுத்தவர் வீட்டு அறைகளிலேயே காலம் தள்ளிய அம்மாவுக்கு ஒரே ஆசைதான்: நல்ல நாள் பார்த்து, புது மண்பானையில் பால் காய்ச்சி, அது கிழக்குப் பக்கம் பொங்கி வழிய வேண்டும். அப்பாவுக்கோ அந்தப் பாலை நினைத்தாலே பயம். ஹோலில் தன் கையால் போட்ட யூக்கலிப்டஸ் பலகைத் தரைக்கு அவர் இன்னும் வார்னிஷ் பூசவில்லை.

அந்தப் பலகை என்ன லேசுப்பட்டதா! ஒரு பெட்டியைத் தூக்க அப்பாவும் மாமாவும் சேர்ந்து முக்கினார்கள். பிரித்து அறைக்குள் அடுக்கி, வீட்டுக் காற்றுக்குப் பழகட்டும் என்று நாட்கணக்கில் காத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் விருந்தாளிக்குக்கூட அவ்வளவு மரியாதை கிடையாது. அடித்தால் ஆணிதான் வளைந்தது. முதலில் துளை போட்டே அடிக்க வேண்டியிருந்தது. தடிமன், சளி பிடித்தால் பூசும் தைலம் மாதிரி மணக்கும் என்று நான் மூக்கை வைத்து மோந்து பார்த்தேன். ஒரு மணமும் இல்லை. ஆனால் சிவப்பென்றால் அப்படியொரு சிவப்பு, நடுநடுவே கறுத்த பிசின் கோடுகள். அதன்மேல் வெறுங்காலோடு நிற்கவே எனக்கு மெய் சிலிர்த்தது.

அந்த நாளும் வந்தது. மாமா, சின்னம்மா என்று சொந்தக்காரர் கூடினார்கள். ஹோல் நடுவில் செங்கல், அதன்மேல் சின்னக் காஸ் அடுப்பு, அதில் பானை.

"கொஞ்சமாப் பொங்கினாக் காணும்," என்றார் அப்பா.

"பேசாம இருங்கோ. நல்ல நேரத்தில இப்பிடிக் கதைக்கிறதே?" என்றா அம்மா.

பால் நுரைத்து எழும்பியது. டப்பென்று பானை வெடித்தது. கொதித்த பால் முழுக்கத் தரையில்.

அம்மாவின் முகம் இருண்டுபோயிற்று. "ஐயோ, பால் காய்ச்சேக்க பானை..." என்று சின்னம்மா தொடங்கினா.

அதற்குள் அப்பா முழங்காலில் விழுந்து, துவாயால் துடைத்தபடி கத்தினார்: "இஞ்ச வந்து பாருங்கோ! இவ்வளவு சுடுபால் கொட்டியும் ஒரு வெடிப்பில்லை. மரம் ஒரு சொட்டுக் குடிக்கேல்லை!"

ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து இழுத்துத் தட்டிப் பார்க்கச் சொன்னார். ஈரம் பட்ட இடத்தில் மரத்தின் சிவப்பு அப்படியே எழும்பி நின்றது. மாமா தலையை ஆட்டி ஆட்டி வியந்தார். சின்னம்மாவும் குனிந்து தடவினா. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். கடைசியில் அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அலுமினியச் சட்டியில் மறுபடி பால் வைத்தார்கள்.

அம்மாவைவிட இவருக்கு மரம்தான் பெரிது என்று எனக்கு அன்று கோபம்கூட வந்தது. உண்மையில் மரம் நன்றாகவே குடித்திருந்தது. வார்னிஷுக்குக் கீழே அந்தக் கறை இப்போதும் கிடக்கிறது. அப்பா அதை அப்போதே கண்டிருப்பார். பானை உடைந்தது வீட்டுக்கு ஆகாது என்ற பேச்சு ஒருவர் வாயிலும் வராமல் அவர் பார்த்துக்கொண்டது, எனக்கும் கலியாணமாகி ஒரு வீடு வந்தபிறகுதான் விளங்கியது.