தண்ணீர்த் தொட்டிப் படிக்கட்டில் பத்து நிமிடம்

எங்கள் அலுவலகத்தில் குடிநீர்ப் புகார்களை போனில் வாங்கும் பிரிவில், எனக்கு அடுத்த நாற்காலி, நாங்கள் ஹலோக்கா என்று கூப்பிடும் அக்காவுடையது. பதினாறு வருடமாகக் காதில் ஹெட்போன். குழாயில் தண்ணீர் வராதவர்கள் எல்லாரும் பிடிபிடியென்று பிடிப்பது அவரைத்தான். வீட்டுக்குப் போனால் இரண்டே அறை. மாமியார், கணவர், இரண்டு மகள்கள். குளியலறைக்குள் போனாலும் விடமாட்டார்கள். "அம்மா, என் சீப்பு எங்க?" என்று கதவைத் தட்டுவார்கள்.

அவருக்கென்று இருந்தது பத்தே நிமிடம். மதியம் சாப்பிட்டதும் நாலாவது மாடிக்கு மேலே, தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து மூச்சை எண்ணுவார். நூறு வரை. அப்புறம் இறங்கி வந்து மறுபடியும் "ஹலோ". அது மட்டும் இல்லையென்றால் என்றைக்கோ போனைத் தூக்கி அடித்திருப்பார்.

போன மாதம் மன அழுத்தத்தைக் குறைக்கிறேன் என்று ஒரு பயிற்சியாளர் வந்து, யாருக்காவது நல்ல பழக்கம் இருக்கிறதா என்று கேட்டார். சும்மா இருக்க முடியாமல் ஹலோக்காவின் விலாவில் இடித்தது நான்தான். "சொல்லுங்கக்கா, என்ன வெக்கம்?" பாவம், சொல்லிவிட்டார். ஒரே கைதட்டல். எங்கள் மேலாளருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மறுவாரமே படிக்கட்டுத் திருப்பத்தில் எட்டு நாற்காலி, சுவரில் 'அமைதி மூலை' என்று பலகை, வருகைப் பதிவேடு. பொறுப்பாளர் யார்? ஹலோக்காதான். அந்தப் பத்து நிமிடமும் கையெழுத்து வாங்குகிறார், "பேசாதீங்க சார்" என்று கெஞ்சுகிறார். நாற்காலி ஆடுகிறதாம், வெயில் அடிக்கிறதாம். அங்கேயும் புகார்தான்.

"எனக்கு மூச்சு முட்டுதுடி," என்றார் ஒருநாள். என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.

நேற்று மதியம் பதிவேட்டோடு லிஃப்டில் ஏறியவர், மூன்றாவது மாடிக்கும் நாலாவதுக்கும் நடுவே மாட்டிக்கொண்டார். நான் பதறியடித்து ஓடினேன். லிஃப்ட் மெக்கானிக் கதவருகே நின்று கத்தினார். "பயப்படாதீங்கம்மா! பத்தே நிமிஷம், தொறந்துடுறோம்!"

உள்ளே சத்தமே இல்லை. கதவைத் தட்டினேன்.

"அக்கா! நல்லா இருக்கீங்களா?"

"அறுபத்திரண்டு வரைக்கும் எண்ணிட்டேன், கெடுத்துட்டியே," என்று உள்ளிருந்து குரல் வந்தது. "அவரை மெதுவாப் பண்ணச் சொல்லுடி. அவசரமே இல்ல."