டர்போ காருக்குப் பிளக் மாட்டிய அன்று

பினாங்கு ஜார்ஜ்டவுனில் நான் வேலை செய்யும் கார் பட்டறைக்கு, ஐம்பதைத் தாண்டிய ஓர் அக்கா தன் டர்போ காரைக் கொண்டுவந்தார். குட்டை முடி, பூப்போட்ட பாத்திக் சட்டை. காரில் ஏறுமுன் செருப்பைக் கழற்றிவிடுவார். வெறுங்காலுக்குத்தான் எஞ்சின் பேசுமாம். டர்போவின் அழுத்தத்தைக் கூட்டிய பிறகு, வேகமெடுத்தால் கார் திக்கியது.

சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றும் ஸ்பார்க் பிளக்குகளாகப் பார்த்து எடுத்து, முனை இடைவெளியையும் குறைத்தேன். மாட்டப் போகும்போது பயம் வந்துவிட்டது. கணக்குத் தப்பினால் எஞ்சினே போய்விடும்.

"அக்கா, வேற யார்கிட்டயாச்சும் கேட்டுக்கோங்கலா. நான் பள்ளிய பாதியில விட்டவன்."

"பிளக்கு உன் சர்ட்டிபிகேட்டயா கேக்குது? மாட்டு தம்பி. ஓட்டப் போறது நான்தானே, பயத்த நான் பாத்துக்கறேன்."

மாட்டியதும், பினாங்குப் பாலம் தாண்டி ஜுரு வரை வேகமாக, ஒரு திக்கலும் இல்லாமல் ஓட்டிவிட்டு வந்தார். எஞ்சின் ஆறியதும் ஒரு பிளக்கைக் கழற்றினேன். முனையில் கரியும் இல்லை, வெளுப்பும் இல்லை. நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர் போல, அசல் தே தாரேக் நிறம்; கணக்குத் தப்பவில்லை.

அக்கா அதை வாங்கி என் முதலாளியிடம் நீட்டினார். "பாருங்க அண்ணே, என் மெக்கானிக் பாத்து எடுத்த பிளக்கு!"

அதுவரை யாரும் என்னை மெக்கானிக் என்று சொன்னதில்லை. எதை நம்பி அவர் ஓட்டினார் என்று இன்றும் யோசிக்கிறேன். யோசிக்கும்போதெல்லாம் கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்காருகிறேன்.