நாலாவது கட்டை

போன் அடிச்சப்ப நான் கோயில்ல பீடத்துப் பூச்சாடிக்குத் தண்ணி மாத்திக்கிட்டு இருந்தேன். பாத்தா சூசை அத்தானோட நம்பர். "என்ன அத்தான், குருநாகல் தாண்டியாச்சா?"ன்னு கேட்டேன். பேசுனது ஒரு பொம்பளை. "நோனா, இந்த மாத்தயா உங்களுக்கு யாரு?"ன்னு சிங்களத்துல கேட்டுச்சு. கலகெதர ஏத்தத்துல ரோட்டோரமா கடை வச்சிருக்காம். ஐயா வண்டிக்குப் பக்கத்துல சாஞ்சு கிடந்தாரு, ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டோம், ஜீப்புக்குள்ள ஒரு அம்மா இருக்காங்க, எங்க யாரையும் தொட விட மாட்டேங்குறாங்க, சீக்கிரம் வாங்கன்னு சொல்லுச்சு. பூச்சாடியை எங்க வச்சேன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. நான் ஆஸ்பத்திரிக்குப் போனப்ப, ரோட்டுலயே அத்தான் உயிர் போயிருச்சுன்னு சொன்னாங்க.

மடு மாதாவைக் கும்பிட்டுட்டுத் திரும்பி வந்த வழி அது. அதை நினைச்சா எனக்குச் செபமாலை பாதியிலேயே நின்னு போகுது. போகும்போது நடந்திருந்தாக்கூட ஏதோன்னு மனசைத் தேத்திக்கலாம். வாசல்ல போய் மெழுகுதிரி ஏத்திட்டு வந்த மனுசனை அந்தத் தாய் வீடு வரைக்கும் கொண்டு வந்து விட்டிருக்கக் கூடாதா? சாமியார்கிட்ட இதைக் கேட்டேன். அவரு, "நானும் அதைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன்"னு சொன்னாரு.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு நினைவு மலர் அடிக்கிறோம், பேசுற மாதிரியே எழுதிக் குடுங்கன்னு கோயில்ல கேட்டாங்க. எனக்கு வேற மாதிரி எழுதவும் வராது. அத்தானை உங்க எல்லாருக்கும் தெரியும். என் அக்கா லூர்தம்மாவோட வீட்டுக்காரரு. பல்லேகல பேக்டரியில ஸ்டோர்ஸ் பாத்து ரிட்டயர் ஆனவரு. பெயர் தெரியாதவங்களுக்குக்கூட, "ஜீப்புக்குப் பின்னால வீட்டைக் கட்டி இழுத்துக்கிட்டுப் போவாரே அவரு"ன்னு சொன்னா தெரியும்.

அந்த வீட்டு வண்டி, அதாங்க கரவன், எப்படி வந்துச்சுன்னு சொல்றேன். அக்காவுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோச்சு. பேச்சும் போயிருச்சு. பஸ்ல ஏத்த முடியாது, வேன்ல ரொம்ப நேரம் உக்கார முடியாது. வருசா வருசம் மடுவுக்குப் போயிட்டு இருந்த மனுசி, திருவிழா நேரத்துல சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கும். அத்தான் அதைப் பாத்துக்கிட்டே இருந்தாரு. ஒரு நாள் தெல்தெனிய பக்கம் யாரோ வெள்ளைக்காரங்க விட்டுட்டுப் போன பழைய கரவன் ஒண்ணு புல்லு முளைச்சுக் கிடக்குன்னு கேள்விப்பட்டு, ஹனீபா நானாவைக் கூட்டிக்கிட்டுப் போனாரு. நானா கராஜ் வச்சிருக்காரு, அத்தானுக்குப் பழைய சிநேகிதம். ரெண்டு பேரும் சேர்ந்து அதைக் கழுவி, டயர் மாத்தி, பிரேக் பாத்து, ஜீப்புக்குப் பின்னால கொக்கி அடிச்சு, ஒரு ஞாயித்துக்கிழமை பூசை முடியிற நேரமாப் பாத்து எங்க குறுகலான ஒழுங்கைக்குள்ள கொண்டு வந்தாங்க.

அன்னைக்கு நடந்த கூத்து! அதைப் பின்னுக்கு எடுத்து முற்றத்துல விடணும். ஜீப்பை இடது பக்கம் ஒடிச்சா கரவன் வலது பக்கம் போகுது. நான் பின்னால நின்னுக்கிட்டு, "வாங்க, வாங்க, ஐயோ வராதீங்க!"ன்னு கத்துறேன். பக்கத்து வீட்டு வேலி சாஞ்சுபோச்சு. ஆளுக்கு ஆள் கேலி. "என்ன சூசண்ணே, அக்கா வீட்டை விட்டுத் தொரத்திட்டாங்களா?" நானா வேற, "விடுங்கப்பா, நான் ஹஜ்ஜுக்குப் போறப்ப இதுல ஒரு மூலை தாறதா வாக்குக் குடுத்திருக்காரு"ன்னு சொன்னாரு. சனமெல்லாம் சிரிக்குது. அத்தான் வேர்த்து விறுவிறுத்து இறங்கி, வேலிக்காரங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு, திரும்ப ஏறினாரு. "இது பின்னால வரணும்னா நாம எதிர்ப்பக்கம் கொடுக்கணும். அவசரப்பட்டா மடங்கிரும்"னு சொல்லிக்கிட்டே மெதுவா, மெதுவா உள்ள விட்டாரு. ஜன்னலோரக் கதிரையில உக்காந்திருந்த அக்கா அன்னைக்குத்தான், வாதம் வந்த பிறகு முதல் தடவையா, சத்தம் வர்ற மாதிரி சிரிச்சுச்சு.

மொதத் தடவை மடுவுக்குப் போனப்ப எங்க மாதா சபைப் பொம்பளைங்க வந்து வழியனுப்பினாங்க. வெறுங்கையோட வருவாங்களா? சீமெந்துல செஞ்ச பெரிய மாதா சுரூபம் ஒண்ணு, அண்டா, கிடாரம், அரிசி எல்லாத்தையும் கரவனோட பின்பக்கத்துல ஏத்தினாங்க. பின்னால வர்ற வண்டிகளை மாதா ஆசீர்வதிச்சுக்கிட்டே வரட்டும்னு பின் கண்ணாடிக்கு நேரா சுரூபத்தை நிப்பாட்டினாங்க. அத்தான் கொக்கியை ஒரு தடவை குனிஞ்சு பாத்துட்டு ஜீப்புல ஏறினாரு. குருநாகல் தாண்டி நேர் ரோட்டுல கொஞ்சம் வேகமெடுத்ததும் கரவன் நாய் வாலாட்டுற மாதிரி ஆட ஆரம்பிச்சுருச்சு. ஜீப்பையும் சேத்து ஆட்டுது. நான் மந்திரமெல்லாம் மாறி மாறிச் சொல்றேன். அத்தான் பிரேக்கை மிதிக்கல. காலை மட்டும் எடுத்துட்டு ஸ்டியரிங்கை நேராப் பிடிச்சுக்கிட்டே இருந்தாரு. ஆட்டம் அடங்கின பிறகு ஓரம் கட்டி, கடைக்காரங்க ரெண்டு பேரைக் கூப்பிட்டு, மாதாவைத் தூக்கி முன்பக்கம், கொக்கிக்குக் கிட்ட வச்சுக் கட்டினாரு. பாரம் பின்னால இருந்தா ஆடும்னு அப்பதான் எனக்குத் தெரியும். ஆனா சபைப் பொம்பளைங்க போன் பண்ணி, நான் வாய் விட்டதைக் கேட்டு, மாதாவை ஏன் இடம் மாத்தினீங்கன்னு கேட்டதுக்கு அவரு சொன்ன பதில் வேற. "தாயைப் பின்னால உக்காத்தி வைக்கிறது மரியாதை இல்லம்மா. முன்னால வரட்டும்." யாரையும் குத்தம் சொல்ல அவருக்கு வாய் வராது.

அக்காவை ஒரு நாளும் ஓடுற கரவன்ல படுக்க வச்சுக் கூட்டிட்டுப் போகல. "ஓடுறப்ப பின்னால ஆள் இருக்கக் கூடாது, சட்டமும் இல்ல, நியாயமும் இல்ல"ன்னு சொல்லுவாரு. ஜீப்புல முன் சீட்டைச் சாய்ச்சு, தலகாணி வச்சு, தனக்குப் பக்கத்துல இடது பக்கம் உக்கார வச்சுக்குவாரு. கொஞ்ச தூரம் போய் நிப்பாட்டி, கரவனுக்குத் தூக்கிட்டுப் போய்ப் படுக்க வச்சு, தேத்தண்ணி ஊத்திக் குடுத்து, திரும்பக் கொண்டாந்து உக்கார வைப்பாரு. அக்காவுக்குப் பின்னால இருக்கிற கரவன் கழண்டு போயிருமோன்னு ஒரே பயம். கழுத்தைத் திருப்பிப் பாக்கவும் முடியாது. அதனால அத்தான் அக்கா பக்கத்துக் கதவுல தனியா ஒரு கண்ணாடி மாட்டினாரு, கரவனோட இடது சில்லு, சக்கரந்தான், தெரியிற மாதிரி. "நீ பாத்துச் சொல்லு, நான் ஓட்டுறேன்"னாரு. ஒவ்வொரு வளைவு தாண்டினதும் அக்கா அதைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லும்: "வருது." வைத்தியருங்க எவ்வளவோ பாடுபட்டும் வராத பேச்சு, அந்தக் கண்ணாடியைப் பாத்துத்தான் வந்துச்சு. அதுக்கு நேர்த்தி செலுத்தத்தான் இந்தக் கடைசிப் பயணம். நான் போகல, கோயில்ல நவநாள் நடந்துச்சு.

இனி கட்டையைப் பத்திச் சொல்லணும். பலாமரத்துல ஆப்பு மாதிரி நாலு கட்டை செதுக்கி வச்சிருந்தாரு. எங்க நிப்பாட்டினாலும் கரவனோட ரெண்டு சில்லுக்கும் முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு. அது வைக்காம யாரும் இறங்கக் கூடாது. எனக்கு ஒரு தடவை அவசரம், தாங்க முடியல. "அத்தான், இது என்ன ஆட்டுக்குட்டியா, கட்டாட்டி ஓடிப் போறதுக்கு?"ன்னு கேட்டேன். "பிலோ, நம்ம ஊரு சரிவு ஊரு. கட்டை போட்ட பிறகுதான் மத்ததெல்லாம்"னு சொல்லிட்டு, நாலையும் வச்சு, காலால ஒவ்வொண்ணா எத்திப் பாத்த பிறகுதான் என்னை இறங்க விட்டாரு.

அன்னைக்குக் கலகெதர ஏத்தத்துலயும் அப்படித்தான். அக்கா கையாலயும் ஒத்தை வார்த்தையாலயும் காட்டினதை வச்சுச் சொல்றேன். ஏறிக்கிட்டு இருக்கும்போது நெஞ்சைப் பிடிச்சிருக்காரு. பதறாம ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, அக்காகிட்ட "இரு, வர்றேன்"னு சொல்லிட்டு இறங்கியிருக்காரு. ரோட்டுப் பக்கத்துச் சில்லுக்கு ரெண்டு கட்டை. சுத்தி வந்து இடது சில்லுக்குப் பின்னால ஒண்ணு. நாலாவதைக் கையில வச்சுக்கிட்டு அந்தச் சில்லுக்கு முன்னால முழங்கால் போட்டிருக்காரு. எழும்பல. அக்கா அதைக் கண்ணாடியில பாத்திருக்கு. இறங்க முடியாது, கத்த முடியாது. சரிஞ்சு, நல்லா இருக்கிற இடது கையை எட்டி, ஹோனை அமுக்கிக்கிட்டே இருந்திருக்கு. அதைக் கேட்டுத்தான் கடைக்காரப் பொம்பளை ஓடி வந்துச்சு.

செத்த வீட்டுக்கு வந்தவங்க, "செபம் பண்ற மாதிரி முழங்கால்லேயே போயிட்டாரே, புண்ணியவான்"னு சொன்னாங்க. நானும் நாலு பேருகிட்ட அதையே சொன்னேன். அக்கா காதுல விழுந்துச்சு. என்னை முறைச்சுப் பாத்து, "தனியா"ன்னு சொல்லுச்சு. அதுல இருந்து அந்த ஒரு வார்த்தைதான். சோறு ஊட்டப் போனா "தனியா." நடுராத்திரியில எழும்பி உக்காந்தா "தனியா." சாமியார் இல்ல, நோயில்பூசுதல் இல்ல, கையைப் பிடிக்க ஆள் இல்ல. பத்தடி தூரத்துல தான் இருந்தும் தெரு நாய் மாதிரி தன் மனுசன் தனியாப் போனாருன்னு அக்கா மனசுல விழுந்துபோச்சு. நான் கடவுள் சித்தம்னு சொன்னேன், மாதா பக்கத்துல இருந்திருப்பான்னு சொன்னேன். அக்கா உடம்பு கரைஞ்சுக்கிட்டே வந்துச்சு. இப்படியே போனா அடுத்த பெட்டியும் இந்த வீட்டுல இருந்துதான்னு எனக்குப் பயம் வந்துருச்சு.

ஹனீபா நானாதான் மறுநாள் போய் ஜீப்பையும் கரவனையும் கொண்டாந்து முற்றத்துல நிப்பாட்டினாரு. மூணு கட்டையையும் அதே மாதிரி வச்சாரு. நாலாவதை ஆஸ்பத்திரியில செபமாலையோடயும் கைக்கடிகாரத்தோடயும் சேத்து எங்கிட்ட குடுத்திருந்தாங்க, நான் வீட்டுப் பீடத்துல வச்சிருந்தேன். நானாகிட்ட மனசுல இருந்ததைக் கேட்டேன். "நானா, கட்டையை விட்டுட்டு அத்தான் முதல்ல யாரையாவது கூப்பிட்டிருந்தா?" நானா கண்ணைத் தொடச்சுக்கிட்டாரு. "தெரியாது தங்கச்சி. அந்த ஏத்தத்துல ஹேண்ட் பிரேக்கை நம்பி விட்டிருந்தா, லூர்தம்மா லாத்தாவோட சேத்து எல்லாம் பள்ளத்துக்குப் போயிருக்கும். ஆனா ஒண்ணு எனக்கு விளங்கல. ஏத்தத்துல சில்லுக்குப் பின்னால போட்ட கட்டைதான் வண்டியைத் தாங்கும். முன்னால போடுற கட்டைக்கு வேலையே இல்ல. அது சூசண்ணனுக்கும் நல்லாத் தெரியும். பழக்க தோசமா இருக்கும்."

போன கிழமை அக்கா கதவுக் கண்ணாடியைக் காட்டி, "கழட்டு"ன்னு சொல்லுச்சு. கழட்டுறதைத் தன் கண்ணால பாக்கணும்னு ஜீப்புல உக்காத்தி வைக்கச் சொல்லிக் கையை நீட்டுச்சு. நானா ஸ்பேனரோட வந்தாரு. ரெண்டு பேருமாத் தூக்கி உக்கார வச்சோம். நானா ஸ்பேனரை வைக்கப் போன நேரம் "பொறுங்க"ன்னேன். அத்தான் செய்ய வந்த வேலையை முடிச்சுட்டாவது கழட்டலாம்னு தோணுச்சு. உள்ள போய் நாலாவது கட்டையை எடுத்துட்டு வந்து, இடது சில்லுக்கு முன்னால முழங்கால் போட்டு வச்சேன். அவரை மாதிரி எத்திப் பாக்கணுமேன்னு நிமிர்ந்தேன்.

நேரா அக்கா முகம். கதவுக் கண்ணாடிக்குள்ள, முழுசா, தெளிவா. என்னையே பாத்துக்கிட்டு இருக்கு.

நின்னு பாத்தேன், தெரியல. கரவனுக்குப் பின்னால போய்ப் பாத்தேன், தெரியல. திரும்ப அங்கேயே முழங்கால் போட்டேன், தெரிஞ்சுச்சு. எழும்பிப் போய் அக்கா கையைப் பிடிச்சேன். "அக்கா, அங்க முழங்கால் போட்டுப் பாத்தா உன் முகம் தெரியுது. நீ அவரைப் பாத்துக்கிட்டு இருந்தப்ப, அவரும் உன்னைத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்காரு." அக்கா நம்பல. நானாவைப் பாத்துச்சு. நானா போய் வேட்டி மண்ணாக முழங்கால் போட்டுப் பாத்துட்டு, அங்க இருந்தே கையைக் காட்டினாரு. கண்ணாடிக்குள்ள அதைப் பாத்து அக்காவும் மெதுவா இடது கையைத் தூக்குச்சு. நானா ஸ்பேனரைப் பையில போட்டுக்கிட்டு வெளிய போயிட்டாரு.

வேலையில்லாத அந்த நாலாவது கட்டையை வைக்கத்தான் அத்தான் அங்க வந்தாரா, இல்ல அந்த முகத்துக்காக வந்தாரான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். அவரை ஏன் வீடு வரைக்கும் கொண்டு வரலன்னு மடு மாதாகிட்ட நான் கேக்க வேண்டியதும் இன்னும் பாக்கி இருக்கு, அதை அவ வாசல்ல நின்னே கேப்பேன். ஆனா அக்கா அன்னைக்கு ராத்திரி அரைக் கோப்பை கஞ்சி குடிச்சுச்சு. "தனியா"ன்னு சொல்லல.

கட்டை இப்ப பீடத்துல இல்ல, சில்லுக்கு முன்னாலதான் இருக்கு, அதுதான் அதோட இடம். அத்தானோடதுன்னு நான் வச்சுக்கிட்டு இருக்கிறது அந்தக் கட்டைக்குப் பக்கத்துல ஒரு முழங்கால் அளவு மண்ணுதான். அக்கா பின்னேரம் ஜீப்புல உக்காந்துக்கும். நான் செபமாலையை அங்கதான் சொல்றேன், அக்கா என்னைப் பாக்குற மாதிரி, நான் அக்காவைப் பாக்குற மாதிரி.