ஆட்டுக் கொட்டகையில் கிடந்த மதகுப் பலகை

புதுச்சேரியை ஒட்டிய தொழிற்பேட்டை ஒன்றில், என்சைம் தயாரிக்கும் சின்ன கம்பெனியில் வேலை செய்கிறேன். முதலாளியையும் சேர்த்து மொத்தம் ஏழு பேர். என் வேலை பூஞ்சை வளர்ப்பது. கல்யாணமான புதிதில் இதைச் சொன்னபோது, பழைய ரொட்டியில் பச்சையாகப் படியுமே அதுவா என்று என் நாத்தனார் கேட்டாள். அதன் சொந்தக்காரர்கள்தான் என்றேன். அன்றைக்கு நான் பரிமாறிய சாதத்தை அவள் சற்று யோசித்துத்தான் சாப்பிட்டாள்.

பூஞ்சைக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. எதன்மேல் வளர்கிறதோ அதன்மேலேயே என்சைம் என்கிற செரிமானச் சாற்றைக் கசியவிட்டு, கரைத்து, உறிஞ்சிக்கொள்ளும். கசிவதை நாங்கள் வடித்து எடுத்து விற்கிறோம். சாயப்பட்டறைகள்தான் எங்களுக்குப் பெரிய வாடிக்கை. புதுப் பனியன் துணியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் மேலே மெல்லிய பிசிறு தெரியும். மரத்தைக் கரைக்கிற பூஞ்சையின் என்சைம் அந்தப் பருத்திப் பிசிறையும் கரைத்து, துணியை வழவழப்பாக்கிவிடும்.

ஒரே ஒரு சிக்கல். சாயம் ஏற்றும் தண்ணீரில் உப்பை அள்ளிக் கொட்டுவார்கள். உப்பைக் கண்டால் எங்கள் என்சைம் முடங்கிவிடும். அதனால் பிசிறு எடுக்க ஒரு தண்ணீர், சாயத்துக்கு இன்னொரு தண்ணீர் என்று இரண்டு வேலை ஆகும். எங்கள் முதலாளி பல வருடம் சாயப்பட்டறையில் கெமிஸ்டாக இருந்தவர். உப்பிலும் வேலை செய்கிற பூஞ்சை ஒன்று கிடைத்தால் ஒரு தண்ணீர் மிச்சமாகும் என்று அடிக்கடி சொல்வார். நான் திண்டிவனம் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். சின்ன வயதிலிருந்தே பஸ் ஜன்னல் வழியாக மரக்காணம் உப்பளத்தைப் பார்த்துக்கொண்டு போனவள். அங்கே போய்த் தேடிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். அவர் சரி என்றார்.

சித்திரை வெயிலில் கண்ணாடிக் குழாய்களையும் பிளேடையும் எடுத்துக்கொண்டு போய், வரப்பில் குனிந்து குனிந்து நடந்தேன். பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருப்பார்.

"இன்னாங்க தேடுறீங்க? எதனா விழுந்துடுச்சா?"

பூசணம் தேடுகிறேன் என்றேன். அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. உப்புப் போடுவதே ஊறுகாயில் பூசணம் வராமல் இருக்கத்தானே என்றார். நியாயமான கேள்வி. எனக்கும் உள்ளூர அந்தப் பயம்தான். ஆனால் அவர் அதோடு விட்டுவிடவில்லை. கையிலிருந்த உப்பு வாரும் பலகையை ஊன்றி நின்று யோசித்தார்.

"மதகுப் பலகைல கறுப்பா ஒண்ணு புடிக்கும். கால் வச்சா வழுக்கும். அது ஆவுமா?"

பெரிய தொட்டியிலிருந்து உப்புத் தண்ணீரைப் பாத்திக்குத் திறந்துவிடும் இடத்தில் ஒரு தடித்த பலகை சொருகியிருந்தது. பாதி தண்ணீரில், பாதி வெயிலில் எத்தனை வருடமாக நின்றதோ. அதன்மேல் படிந்திருந்த கறுப்பைச் சுரண்டி எடுத்துக்கொண்டேன்.

அதிலிருந்து வளர்ந்தவற்றில் ஒன்று கரும்பச்சையாக, வெல்வெட் துணி போல இருந்தது. அதைத் தாள்கூழ் கலந்த தட்டில் வளர்த்து, சிவப்புச் சாயம் ஊற்றிக் கழுவினேன். என்சைம் வேலை செய்த இடம் மட்டும் வெளுத்து, வளையமாகத் தெரிய வேண்டும். தெரிந்தது. தட்டில் கடல் தண்ணீரைவிடக் கூடுதலாக உப்பு இருந்தும் அகலமான வளையம். 

பிறகு கோதுமைத் தவிட்டை ஆவியில் வேகவைத்து, தட்டுகளில் பரப்பி, அதன்மேல் இந்தப் பூஞ்சையின் வித்தைத் தூவி வளர்த்தோம். நாலாம் நாள் தவிடு கெட்டியாகி, மழை விழுந்த மண்ணைப் போல வாசம் அடித்தது. கழுவி வடித்தால் பழுப்பு நிறத் தண்ணீர். அதைச் சாயத்தோடும் உப்போடும் ஒரே பானையில் விட்டு ஒரு துண்டுத் துணியைப் போட்டு எடுத்தோம். காய்ந்ததும் முதலாளி அதை எடுத்துக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தார். அன்று எல்லோருக்கும் பிரியாணி.

அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அந்தச் சந்தோஷம் வடிந்துவிட்டது. வளையம் ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. முதலில் தவிடு சரியில்லை என்றேன். பிறகு தண்ணீரைச் சொன்னேன். கடைசியில், ஆவி சரியாக விடவில்லை என்று பாய்லர் பார்க்கும் அண்ணன் மேலேயே பழி போட்டேன்.  மறுநாள் அவர் என்னைக் கூப்பிட்டு பாய்லர் மீட்டரைக் காட்டினார். அவர் பக்கம் ஒரு குறையும் இல்லை.

தப்பு என்னுடையதுதான். உப்புத் தட்டில் அது மெதுவாக வளரும். எனக்கு அவசரம். அதனால் உருளைக்கிழங்கும் சர்க்கரையும் போட்ட தட்டுக்கு மாற்றி, அதிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து இன்னொன்று என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். உட்கார்ந்த இடத்தில் சோறு கிடைத்ததும் அதற்கு மரத்தைக் கரைக்கிற பழக்கம் விட்டுப்போயிற்று. முதல் நாளே கொஞ்சம் எடுத்து ஃப்ரீஸரில் வைத்திருக்க வேண்டும். படித்தவள், தெரிந்தவள், செய்யவில்லை. பல மாதம் கழித்துத்தான் வைத்தேன். அதற்குள் அது சோம்பிவிட்டிருந்தது.

 முதலாளியிடம் சொன்னால் வேலை போய்விடும் என்றே நினைத்தேன். முதலில் பாய்லர் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் முதலாளி அறைக்குப் போனேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பொறந்த எடம் தெரியுமில்ல? போய்க் கூட்டினு வாங்க."

அவ்வளவுதான் சொன்னார்.

தை பிறந்து, உப்பளத்தில் சேற்றை மிதித்துப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார்கள். மதகு இருந்த இடத்துக்கு ஓடினேன். பலகை இல்லை. அங்கே மூடி போட்ட பிளாஸ்டிக் குழாய் ஒன்று இருந்தது. மழையில் எல்லாம் அடித்துக்கொண்டு போயிற்று, புதிதாக வைத்தோம் என்று மேஸ்திரி சொன்னார். வேறு மதகுகளிலும் பார்த்தேன். எல்லாம் குழாய். வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நாலு பாத்தி தள்ளி மண் அணைத்துக்கொண்டிருந்த அந்த அக்கா என்னை அடையாளம் கண்டு வந்தார். நான் பலகையைக் காணோம் என்று சொன்னதும், இதற்கா இப்படி உட்கார்ந்திருக்கிறாய் என்பது போலப் பார்த்தார்.

"மழைல அடிச்சினு வந்த அந்தப் பலகை எங்க வூட்ல கெடக்குதும்மா. ஆடுங்க ஈரத்துல நிக்குதேன்னு கொட்டாயில போட்டு வச்சிருக்கேன்."

வேலை முடியும்வரை காத்திருந்து அவர் வீட்டுக்குப் போனேன். கொட்டகையில் மூன்று ஆடுகள் அந்தப் பலகையின் மேல் நின்றிருந்தன. ஆடுகளை விரட்டிவிட்டுப் பார்த்தால், மேல்பக்கம் முழுக்க வெளுத்துக் கிடந்தது. உப்பு ருசிக்கு நாள் பூராவும் நக்கிக்கொண்டே இருக்கின்றன என்று அக்கா சொன்னார். என் பூஞ்சையில் முக்கால்வாசி ஆட்டு வயிற்றுக்குப் போயிருந்தது. பலகையைப் புரட்டினோம். அடிப்பக்கம் ஈரமாக, கறுப்பாக, தொட்டால் வழுக்கியது.

நான் சுரண்டத் தொடங்கியதும் அக்கா தடுத்தார். எதற்குக் கொஞ்சம் கொஞ்சமாக, அப்படியே எடுத்துக்கொண்டு போ என்றார். அவர் வீட்டுக்காரர் ரம்பம் கொண்டுவந்து பலகையை இரண்டாக அறுத்தார். பாதி ஆடுகளுக்கு, பாதி எனக்கு. சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கட்டில் செய்யப் போகிறீர்களா என்று கண்டக்டர் கேட்டார். ஆட்டு மூத்திர வாசனை தாங்காமல் பக்கத்து சீட்டில் இருந்தவர் கோட்டக்குப்பம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தார்.

பலகையிலிருந்து என்னென்னவோ முளைத்தது. ஆட்டுக் கொட்டகைக்கே உரிய வெள்ளையும் மஞ்சளும்தான் அதிகம். இந்த முறை அவசரப்படவில்லை. உப்பும் மரத்தூளும் தவிர வேறு சாப்பாடே இல்லாத தட்டில் எல்லாவற்றையும் போட்டுக் காத்திருந்தேன். மூன்றாவது வாரம் ஒரு ஓரத்தில் கரும்பச்சை தெரிந்தது. சாயம் ஊற்றிக் கழுவியபோது பாய்லர் அண்ணனும் வந்து எட்டிப் பார்த்தார். வளையம் பழையதைவிடக் கொஞ்சம் பெரியதாகவே இருந்தது. அதே பூஞ்சைதானா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. அதன் அண்ணனோ தம்பியோவாக இருக்கலாம். அன்றைக்கே ஐந்து குழாயில் போட்டு எங்கள் ஃப்ரீஸரில் வைத்தேன். ஆறாவது குழாய் முதலாளி வீட்டு ஃப்ரிட்ஜில், வஞ்சிரம் மீன் பொட்டலத்துக்குப் பக்கத்தில். அவர் மனைவி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஐப்பசி மழையில் உப்பளத்துக்கு லீவு விட்டதும், பலகை என்ன ஆயிற்று என்று பார்க்க அந்த அக்கா தன் வீட்டுக்காரரோடு டிவிஎஸ்ஸில் எங்கள் கம்பெனிக்கு வந்தார். தவிட்டுத் தட்டைப் பார்த்து, புட்டு மாதிரி இருக்கிறதே என்றார். துணியைத் தடவிப் பார்த்தார். பிறகு என் மேசைமேல் இருந்த உப்பு பாட்டிலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது எந்த ஊர் உப்பு என்று கேட்டார். பம்பாயிலிருந்து வருகிறது, ரொம்ப சுத்தமானது என்றேன்.

"எங்க ஊரு பூசணத்துக்கு வெளியூரு உப்பா?"

அவர் வேடிக்கையாகத்தான் கேட்டார். ஆனாலும் அடுத்த வாரம் பஸ்ஸில் ஒரு பை உப்பு கொடுத்தனுப்பினார். மரியாதைக்காக ஒரு தட்டில் அதைப் போட்டுப் பார்த்தேன். பூஞ்சை அடர்த்தியாக வளர்ந்தது, வளையமும் இன்னும் விரிந்தது. நம்பாமல் மறுபடி செய்தேன், மறுபடியும் அப்படியே. பாட்டில் உப்பில் உப்பு மட்டும்தான் இருக்கிறது. பாத்தி உப்பில் கடலில் கரைந்த மற்றதெல்லாம் ஒட்டிக்கொண்டு வருகிறது. அதில் எது இதற்குப் பிடிக்கிறது என்று இன்னும் கண்டுபிடித்தபாடில்லை. முதலாளி பாட்டில் வாங்குவதை நிறுத்திவிட்டார்.

இப்போது இரண்டு சாயப்பட்டறைகள் எங்கள் சரக்கை வாடிக்கையாக வாங்குகின்றன. நானும் வருடத்துக்கு ஒரு முறை உப்பு மூட்டைக்காக மரக்காணம் போகிறேன். இந்த வைகாசியில் போனபோது மத்தியானம் திடீரென்று மேகம் கூடியது. குவித்து வைத்த உப்பு நனைந்தால் அத்தனை நாள் உழைப்பும் கரைந்துவிடும். எல்லோரும் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓட, நானும் செருப்பைக் கழற்றி வீசிவிட்டு ஒரு முனையைப் பிடித்தேன். குவியலைச் சுற்றி மண்ணை அணைத்து மூடி முடித்தோம். மேகம் எங்கள் தலைக்கு மேலே நகர்ந்து, கடல்மேல் போய்க் கொட்டியது. கரையில் ஒரு தூறல்கூட இல்லை. அக்கா தூக்குச் சட்டியைத் திறந்தார், கருவாட்டுக் குழம்பு. என்னிடம் எலுமிச்சை சாதம் இருந்தது. தார்ப்பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, தூரத்தில் கடலில் பெய்யும் மழையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம்.