நீலத்துக்குக் கைதட்டல்

அடுப்படி ஜன்னலில் ஒரு கண்ணாடிக் குழாய் இன்னும் நிற்கிறது, அடி புகையேறிக் கறுத்து. ஒரு ஸ்பூன் நீல மருந்து, அப்பாவின் சிறுநீர் எட்டுச் சொட்டு. கொதித்ததும் நிறம் சொல்லிவிடும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று ஏறிச் செங்கல் நிறமானால் ஆபத்து. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அஸ்தினாபுரத்து எங்கள் வீட்டில், விடியலுக்கு அப்படித்தான் நிறம் வந்தது.

கற்றுக்கொடுத்தவர் தாம்பரத்து ஆஸ்பத்திரி சிஸ்டர். வியாழக்கிழமைதோறும் சர்க்கரை நோயாளிகளை வராந்தாவில் உட்காரவைத்து, தன் செருப்பைக் கழற்றித் தன் பாதத்தையே காட்டி, விரலிடுக்கை எப்படிப் பார்ப்பது என்று சொல்லித்தருவார். வாரம் முழுக்க நோட்டில் நீலம் எழுதி வந்தவருக்கு எல்லோரையும் கைதட்டச் சொல்வார். குரோம்பேட்டைப் பாத்திரக் கடையில் நாளெல்லாம் நின்ற அப்பாவுக்கு அதுவரை யார் கைதட்டியிருக்கிறார்கள்? இஸ்திரி போட்ட சட்டையில் போவார்.

ஒரு காலை, கல்லூரிக்குக் கிளம்பிய என்னிடம் காலி டம்ளரை நீட்டினார். "உன்னுத கொஞ்சம் குடும்மா. அத்தினி பேர் முன்னாடி செவப்புன்னு சொல்ல பேஜாரா கீது." அப்பா பொய் எழுதமாட்டார், நீலத்தைக் கண்ணால் பார்த்துத்தான் நீலம் என்று எழுதுவார். சிரித்துக்கொண்டே கொடுத்தேன். ஐந்து வாரம் கொடுத்தேன்.

ஆறாவது வாரம் நானும் கூடப் போயிருந்தேன். சிஸ்டர் அப்பாவின் காலுறையைக் கழற்றினார். நோட்டில் நீலம், சுண்டுவிரலில் சீழ். அங்கேயே சோதித்தார்கள்: செங்கல். விரலை எடுக்கவேண்டும், தாமதித்தால் பாதமே போகும் என்றார் டாக்டர். நான் உண்மையைச் சொல்லிவிட்டு அழுதேன். சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. வகுப்பைப் பார்த்துத் திரும்பினார். "நீலத்துக்குக் கைதட்டச் சொன்னது நான்தானே? பொய் சொல்லக் கத்துக்குடுத்ததும் நான்தான். இனிமே செவப்பு வந்தவங்க முன்னாடி வந்து உக்காருங்க. உங்களுக்குத்தான் எங்கிட்ட வேலை இருக்கு."

அத்தனை பேர் முன்னால் தன் தவறைச் சொன்ன ஒரு வெள்ளைச் சீருடையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

விரல் போயிற்று, பாதம் நின்றது. ஆயுதபூஜை முடிந்த வியாழன், அப்பா விந்தி விந்தி முதல் பெஞ்சுக்குப் போனார். "நம்முது செங்கல்லு, சிஸ்டர். கடையில பூஜை. ரெண்டு ஜாங்கிரி."

"ரெண்டுதானா?"

"நாலு."

வராந்தாவே சிரித்தது. சிஸ்டர் நாற்காலியை அவரருகே இழுத்துப்போட்டுக்கொண்டார்.

இப்போது எனக்கும் சர்க்கரை. விரல்நுனியில் ஒரு சொட்டு ரத்தம், சின்ன மெஷினில் ஓர் எண். இன்று முந்நூற்றுப் பத்து. நோட்டின் மேல் பேனா கொஞ்சம் நின்றது. பக்கத்து அறையில் மகள் இருக்கிறாள். ஜன்னலில் அந்தக் கறுத்த குழாயைப் பார்த்தேன். எழுதினேன்: முந்நூற்றுப் பத்து. கல்யாண வீட்டுப் பாயசம், இரண்டு கப்.

பிறகு இரண்டை அடித்து, மூன்று என்று திருத்தினேன்.