பாஸ் வந்தால் அழுத்தும் பொத்தான்

மூளையின் அடிப்பகுதியில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டபோது என் மனைவிக்கு முப்பத்தாறு வயது. பிரேசர் டவுனில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். போர்டில் எழுதிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டதாகப் பள்ளியிலிருந்து போன் வந்தது. ஏழு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு தொம்மலூர் வீட்டுக்குத் திரும்பியபோது அவளுக்கு எல்லாம் புரிந்தது, எல்லாம் கேட்டது. பேச்சு மட்டும் இல்லை. கை கால் அசையவில்லை. கண்ணை மூடித் திறப்பாள். வலது கட்டைவிரல் கொஞ்சம் நகரும். அவ்வளவுதான்.

ஒரு தடவை இமைத்தால் ஆமாம், இரண்டு தடவை இமைத்தால் இல்லை. பசிக்குதா, வலிக்குதா, திருப்பிப் படுக்க வைக்கட்டுமா என்று நானும் அத்தையும் மாறி மாறிக் கேட்போம். அத்தை என்பது என் மாமியார். வேலூர் வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்து தங்கிவிட்டவர். எங்களுக்குக் கேட்கத் தோன்றியதற்கு மட்டும்தான் அவளால் பதில் சொல்ல முடியும். அவளாக எங்களைக் கூப்பிட வழியே இல்லை.

ஒரு மத்தியானம் நாங்கள் இருவரும் சமையலறையில் இருந்த நேரத்தில் அவளுக்குச் சளி அடைத்துக்கொண்டது. தற்செயலாக நான் எட்டிப் பார்த்தபோது முகம் நீலமாகியிருந்தது. சளியை உறிஞ்சி எடுத்த பிறகுதான் அவள் மூச்சு சீரானது. அன்றிலிருந்து குளிக்கும்போதும் கதவைத் திறந்து வைத்துத்தான் குளித்தேன். காலிங் பெல் சுவிட்சைக் கையில் வைத்துப் பார்த்தோம். அதை அழுத்தும் பலம் அவள் விரலுக்கு இல்லை. கம்ப்யூட்டர் மவுஸ் நழுவி நழுவி விழுந்தது.

லீவு எல்லாம் தீர்ந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குத் திரும்பினேன். சாஃப்ட்வேரில் பிழை பார்க்கும் வேலை. ஆபீஸில் எங்கள் மாடியில் அப்போது யூஎஸ்பி பொம்மைகளின் மேல் எல்லோருக்கும் பைத்தியம். கம்ப்யூட்டரில் செருகினால் சுற்றும் குட்டி ஃபேன், தலையாட்டும் நாய், காபிக் கப்பைச் சூடாக்குவதாகப் பெயருக்கு ஒரு தட்டு, ரப்பர் ராக்கெட் விடும் பீரங்கி. வெளிநாடு போய் வருகிறவர்கள் சாக்லேட்டோடு இதையும் கொண்டுவருவார்கள். பக்கத்து சீட்டுக்காரரிடம் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது, பூரி அகலத்துக்கு. அதைத் தட்டினால் திரையில் ஓடும் கேம் மறைந்து, அலுவலகக் கணக்கு மாதிரி ஒன்று வந்து நிற்கும். பாஸ் வரும்போது தட்டுவதற்காம். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அதன் அகலம்தான் கண்ணில் பட்டது. விரல் எங்கே விழுந்தாலும் பொத்தான் மேல்தான் விழும்.

"இத எனக்குக் குடுப்பீங்களா?" என்றேன்.

"ஏன் சார், உங்க பாஸ் அவ்ளோ மோசமா?"

எதற்கென்று சொன்னேன். அவர் உடனே அதைப் பிரித்து, உள்ளே இருந்த முரட்டு ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, பால்பாயின்ட் பேனாவின் ஸ்பிரிங்கைப் பாதியாக வெட்டிப் போட்டுக் கொடுத்தார். ஊதினாலே இறங்கும் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒரு புரோகிராம் எழுதினேன். பொத்தானை அழுத்தினால் லேப்டாப் மணி அடிக்கும். மறுபடி அழுத்தினால் திரையில் ஆங்கில எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்துகொண்டு போகும். வேண்டிய எழுத்து வரும்போது தட்டினால் அது கீழே பதியும். அப்போது எனக்குத் தெரிந்த வழி அவ்வளவுதான். தமிழை ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும்.

முதல் வரியை எழுத அவளுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. பிழையாக விழுந்த எழுத்துகளைத் தள்ளிவிட்டு வாசித்தேன். "ஃபேன் கண்ணுல அடிக்குது."

கண் சிவந்திருக்கிறது என்று டாக்டரிடம் கேட்டு வாரக்கணக்கில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தோம். தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது. அதைக் கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. அத்தை எழுந்து போய் ஃபேனை அணைத்துவிட்டு, சுவிட்சிலிருந்து கையை எடுக்காமல் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதார்.

இரண்டு மாதம் அது வேலை செய்தது. பிறகு ஒரு காலை, குழாய் வழியாகக் கஞ்சி கொடுக்கும்போது அத்தையின் கை தவறி, அவ்வளவும் பொத்தானுக்குள் இறங்கியது. துடைத்தோம், வெயிலில் வைத்தோம். உயிர் வரவில்லை.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு? அவளுக்கு இருந்த ஒரே வாயையும் அடைச்சிட்டீங்களே" என்று கத்தினேன். அத்தை ஈரத் துணியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

மூன்று நாள், எலெக்ட்ரானிக் சாமான் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினேன். செத்துப்போன பொத்தானை எடுத்துக் காட்டினால் சிரித்தார்கள். "அது ஃபாரின் ஐட்டம் சார், இங்க வராது. இதப் பாருங்க" என்று மீன் மாதிரிப் பென் டிரைவ், பாம்பு மாதிரி வளையும் விளக்கு, மினுக்கும் கிறிஸ்துமஸ் மரம் எல்லாவற்றையும் கண்ணாடி மேஜை மேல் பரப்பினார்கள். ஒரு கடையில் நான் அந்த மரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதிருக்கிறேன். கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார். வீட்டுக்கு வெறும் கையோடு போனால் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். எது கேட்டாலும் இமைக்க மாட்டாள். மூன்றாம் நாள் அவளுக்குக் கஞ்சி வேண்டுமா என்பதுகூட எங்களுக்குத் தெரியவில்லை.

அதே ரோட்டில் ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே கீபோர்டு ரிப்பேர் செய்யும் பெண் ஒருவர் இருந்தார். என் வயதுதான் இருக்கும். நான் சொன்னதை முழுக்கக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

"உங்களுக்கு அந்தப் பொத்தான் வேணுமா, அது செய்யிற வேலை வேணுமா?"

"வேலைதான்மா."

"அப்போ சொல்ப இருங்க சார்" என்று, கொஞ்சம் இருக்கச் சொல்லிக் கன்னடம் கலந்து பேசியபடி, உதவாத கீபோர்டு ஒன்றைப் பிளந்து, உள்ளே இருந்த சின்ன சர்க்யூட் தகட்டை, கம்ப்யூட்டரில் செருகும் ஒயரோடு எடுத்தார். அதில் இரண்டு ஒயரைப் பற்றவைத்து, சோப்பு டப்பா மூடிக்கு அடியில் மெல்லிய தகரத்துண்டு இரண்டை ஒட்டினார். மூடியைத் தொட்டால் தகரங்கள் முட்டும். "அவங்க விரலுக்கு இதுவும் கஷ்டமா இருந்தாக் கொண்டு வாங்க, இன்னும் லேசாக்கித் தர்றேன்" என்றார்.

அன்று சாயங்காலம் அவள் எழுதிய முதல் வரி: "அம்மாவத் திட்டாதீங்க." மூன்று நாளாக அதைச் சொல்லத்தான் காத்திருந்தாள் போலிருக்கிறது. அத்தைக்கு நான் அதை வாசித்துக் காட்டினேன். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம். மழைக்காலத்தில் நுரையீரலில் தொற்று வந்தது. ஜுரம் ஏற ஏற மூச்சு இரைத்தது. ஆம்புலன்சுக்குப் போன் செய்துவிட்டு வந்தபோது திரையில் இரண்டு வார்த்தை இருந்தது. "ஆஸ்பத்திரி வேணாம்."

"ரெண்டே நாள்தான். சரியாயிடும், வந்துடலாம்."

அவள் மறுபடி தொடங்கினாள். எழுத்துகள் ஒளிர்ந்து ஒளிர்ந்து போக, அதே இரண்டு வார்த்தை மறுபடியும் பதிந்தது. நான் லேப்டாப்பை மூடினேன். ஸ்ட்ரெச்சர் வருவதற்கு வழி வேண்டும் என்பதற்காக மூடியதாக அத்தையிடம் சொன்னேன். அது பொய்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கம்ப்யூட்டர் கொண்டுபோகக் கூடாது என்றார்கள். கெஞ்சினேன், விளக்கினேன். கிருமி வரும், மெஷின்களுக்குத் தொந்தரவு என்றார்கள். காலையில் ஐந்து நிமிஷம், சாயங்காலம் ஐந்து நிமிஷம் பார்க்கலாம். மருந்து மயக்கத்தில் இமைகள் பாதி மூடிக் கிடந்தன. "என் மேல கோபமா?" என்று தினமும் கேட்டேன். நான்காம் நாள் ஒரு தடவை இமைத்தாள். பதிலா, வெறும் இமைப்பா என்று தெரியவில்லை. ஒன்பதாம் நாள் காலையில் இறந்துபோனாள்.

காரியங்கள் முடிந்து அத்தை வேலூருக்குக் கிளம்பிய அன்று, பஸ் ஸ்டாண்டில் அவரிடம் உண்மையைச் சொன்னேன். அவள் வேண்டாம் என்று எழுதினாள், இரண்டு தடவை எழுதினாள், நான்தான் கேட்கவில்லை என்று.

அத்தை பையின் வாரைத் திருகினார்.

"நானும் படிச்சேன் மாப்பிள்ள. அத வாசிக்கிற அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியும்" என்றார். "நீங்க கூட்டிட்டுப் போகலன்னா நான் கூட்டிட்டுப் போயிருப்பேன்."

அதில் எனக்கு ஆறுதல் எதுவும் கிடைக்கவில்லை. அவருக்கும் கிடைத்திருக்காது. பஸ் வந்தது. அவரை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு, அது கிளம்பும்வரை கீழே நின்றேன்.