பக்கத்துக் காம்பராவின் கான்

நியாயம் என்று வந்துவிட்டால் பெற்ற தாயையும் விட்டுவைக்காதவள் நான், அந்த ஒன்பது வயதிலேயே.

நோர்வூட்டுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில், ஒரே கூரையின் கீழ் வீட்டுக்கு ஓர் அறையாகப் பன்னிரண்டு காம்பராக்கள் கொண்ட லயம் எங்களுடையது. முன்னால் நெடுக, கழிவுநீர் ஓடும் ஒரே கான். அவரவர் வாசலுக்கு நேராக உள்ள கானை அவரவர் கூட்டித் தள்ளவேண்டும். எங்கள் வாசல் என் பொறுப்பு. எங்களுக்கு அடுத்து, மேட்டுப்பக்கத்துக் காம்பரா அத்தை மட்டும் ஒரு வாரமாக விளக்குமாற்றைத் தொடவேயில்லை. அவர்கள் வீட்டுச் சாம்பலும் பருக்கையும் நான் கூட்டிய இடத்தில் வந்து நின்றன. போதாததற்கு, அம்மா வேலைக்குப் போகுமுன் அவர்கள் கானையும் கூட்டினாள்.

"நீ ஏம்மா கூட்டுற? அவங்களுக்குக் கையில்லையா?"

"தண்ணிக்கு அவங்க கான், நம்ம கான்னு தெரியுமாடி? பேசாமப் போ."

எனக்குச் சொல்லாமல் விட்டது வேறு. மாட்டுப்பட்டிச் சாணம் எங்கள் குடிதண்ணீரில் கலந்து வந்தது. பன்னிரண்டு வீட்டாரும் முணுமுணுத்தார்கள். தோட்டத்துத் துரையின் முன்னால் போய் நின்றவர் அத்தை வீட்டு மாமா ஒருவர்தான். நல்ல தண்ணீர் கேட்டவருக்குக் கிடைத்தது வேலையிலிருந்து நிறுத்தும் பத்துச்சீட்டு. புருஷனை நிறுத்தினால் பெண்டாட்டிக்கும் வேலையில்லை, காம்பராவும் இல்லை. வாரக் கடைசிக்குள் வெளியேறவேண்டும். என்ன அநியாயம்! மற்றப் பதினொரு வீட்டு ஆண்களும், என் அப்பாவும் சேர்த்துத்தான், மறுநாள் வழக்கம்போல் மலைக்கு வேலைக்குப் போனார்கள். அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

ஆனால் அன்று என் வயிறு எரிந்தது கானுக்காக. சனிக்கிழமை, பெரியவர்கள் மலையிலும் அத்தை வீட்டார் வெளியிலுமாக இருந்த நேரம், இரண்டு வாசலுக்கும் நடுவில் கல்லும் களிமண்ணும் வைத்துக் கானை அடைத்தேன். உங்கள் குப்பை உங்களோடு! மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் எதிர்த்து ஏறி அத்தை வீட்டு வாசலுக்குள் புகுந்தது. அங்கே ட்ரங்குப் பெட்டியும் பாயும் கட்டிவைத்திருந்தார்கள். பக்கத்திலிருந்த அரிசி மூட்டை அடியோடு நனைந்தது. அரிசியை யார் வாசலில் வைக்கச் சொன்னார்களாம்?

வேலைவிட்டு வந்த அம்மா அணையைக் காலால் எத்திவிட்டு, அதே வேகத்தில் என் முதுகைத் தேடிக் கையோங்கினாள். ஈர அரிசியை முறத்தில் பரப்பிக்கொண்டிருந்த அத்தைதான் தடுத்தாள்.

"விடுங்கக்கா, பச்சப்புள்ள. நாளையிலேருந்து நாங்க எங்கேயோ, இவ எங்கேயோ."

மறுநாள் விடிந்து நான் எழுந்தபோது அவர்கள் போய்விட்டிருந்தார்கள். அவர்கள் வாசல் கான் கழுவிவிட்டதுபோல் கிடந்தது. எங்கள் வாசலும் அப்படியே. என் அணைக் கற்கள் ஓரமாக அடுக்கப்பட்டிருந்தன.

"பாத்தியாம்மா? அடைச்சதும் பயந்துபோயி நம்ம பங்கையும் சேத்துக் கூட்டிட்டுப் போயிருக்காங்க!"

அம்மா அடிக்கவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அந்தக் கானோரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். ஜெயித்தது நாம், இவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.